உண்ணிச்செடி: வெட்டிய பிறகு என்ன செய்வது?

முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை என்று நீலகிரியைச் சுற்றியுள்ள எந்த இலையுதிர்காட்டுக்குப் போனாலும் சாலையோரத்தில் முதலில் கண்ணில் படுவது உண்ணிச்செடிதான். ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். கிராமத்துப் பிள்ளைகள் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சுவார்கள். கறுத்த பழத்தைப் பறித்துத் தின்பார்கள். தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிவிட்டதால் இதை இந்த மண்ணின் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் இதன் பெயர் லண்டானா கமாரா. பூங்காவுக்கு அழகு சேர்ப்பதற்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போன செடி.

போன தூரம் சிறியதல்ல. இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியாவின் புலிக்காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தச் செடியின் பிடிக்கு உள்ளாகியிருப்பதாக மதிப்பிட்டார்கள். அந்தக் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அது. தமிழ்நாட்டின் மொத்த நிலப்பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால் அளவு புரியும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடமுண்டு.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதை வெட்டிக்கொண்டிருக்கிறோம். 1916-லேயே குடகுக் காடுகளில் லண்டானா பெருகுவதைப் பற்றி வனத்துறை அதிகாரி ஒருவர் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார். அன்றைக்கும் வெட்டினார்கள், எரித்தார்கள், வேரோடு பிடுங்கினார்கள். அவ்வளவு உழைப்புக்குப் பின்னும் செடி ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஆய்வுகளையும் களத்தில் வேலை செய்தவர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை இது: வெட்டுவதை ஒரு வேலையாகவும், காட்டை மீட்பதை வேறொரு வேலையாகவும் பிரித்துவிட்டோம். முதல் வேலைக்குத்தான் பணம் ஒதுக்குகிறோம்.

முதலில் செடியை அடையாளம் காண்போம். பூ இல்லாத காலத்திலும் கைக்கு இது தெரிந்துவிடும். இளந்தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது; நான்கு பட்டையாக இருக்கும். பட்டைகளின் ஓரத்தில் பின்னோக்கி வளைந்த சிறுமுட்கள் இருக்கும், சட்டையைப் பிடித்தால் விடாது. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்திருக்கும். முட்டை வடிவம், நுனி கூர், ஓரம் முழுக்க ரம்பப்பல். மேல்புறத்தைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கசக்கி முகர்ந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். ஒருமுறை முகர்ந்தவருக்கு அது மறக்காது. இலைக்கக்கத்திலிருந்து நீளும் காம்பின் நுனியில் இருபது முதல் நாற்பது சின்னப் பூக்கள் தட்டையாகக் கூடியிருக்கும். வெளிவட்டத்துப் பூக்கள் முதலில் விரியும், நடுவில் இருப்பவை கடைசியில். புதிதாக விரிந்த பூ மஞ்சளாக இருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்தபின் ஆரஞ்சு, சிவப்பு அல்லது இளஞ்சிவப்புக்கு மாறும். நடு மஞ்சளும் ஓரச் சிவப்புமாக ஒரே கொத்து பலநிறம் காட்டுவது இதனால்தான். தேன் இருக்கும் பூ எது என்று பூச்சிக்குக் காட்டும் குறியும் இதுவே. காய் பச்சை, பழுத்தால் பளபளக்கும் கருநீலம், மிளகைவிடச் சற்றுப் பெரியது.

உண்ணிச்செடி என்று நினைத்து வேறொன்றை வெட்டிவிடும் தவறும் நடக்கிறது. நம் நாட்டுக்கே உரிய லண்டானா இனங்களும் உண்டு. அவற்றில் முள் இருக்காது. பூ வெண்மை கலந்த வெளிர்ஊதா. புதராகப் படர்ந்து இடத்தை அடைக்கும் குணம் கிடையாது. காட்டு வேலைக்கு ஆள் இறக்கும்போது இந்த வேறுபாட்டைச் செடியைக் கையில் கொடுத்தே காட்ட வேண்டும். நர்சரிகளில் விற்கும் தரைபடரும் ஊதாப்பூ லண்டானா, தென்னமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு இனம். அதுவும் ஆஸ்திரேலியாவில் தோட்டத்தை விட்டு வெளியேறிக் களையாகியிருக்கிறது. முதுமலை, கூடலூர்ப் பக்கங்களில் உண்ணியோடு கலந்து வளரும் இன்னோர் அயல்செடி குரோமோலீனா. அதன் இலையைக் கசக்கினாலும் வாசம் வரும். ஆனால் இலையில் மூன்று நரம்புகள் அடியிலிருந்தே பிரிந்து தெளிவாகத் தெரியும், தண்டில் முள் இராது, காய்க்குப் பதில் பஞ்சோடு பறக்கும் விதை இருக்கும்.

இந்தச் செடிக்கு அடங்காத குணம் வந்த கதை தோட்டக்கலையில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தீவுகளிலிருந்தும் நிலப்பகுதியிலிருந்தும் பல லண்டானாக்கள் ஹாலந்து முதலான நாடுகளுக்குப் போயின. அங்கே கண்ணாடி வீடுகளில் ஒன்றோடொன்று கலப்பு செய்து, புதுப்புது நிறங்களை உருவாக்கி விற்றார்கள். பெயரிடப்பட்ட தோட்ட வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆகவே உலகெங்கும் போய்ச் சேர்ந்தது எந்தக் காட்டிலும் இயல்பாக வளர்ந்த ஓர் இனமல்ல. பல மூதாதையரின் கலப்பு. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அது வந்தது. பிறகு ராணுவக் குடியிருப்புகள், மலைவாசத் தலங்கள், தோட்டத் துரைமார் பங்களாக்கள் என்று வேலிச்செடியாகப் பரவியது. இந்தியாவில் நடந்த மரபணு ஆய்வுகளும் இது ஒரே முறை வந்து பெருகியதல்ல, பலமுறை பல வழிகளில் வந்து ஒன்றோடொன்று கலந்தது என்றே காட்டுகின்றன. கடற்கரை வெயிலையும் ஆயிரம் மீட்டர் மலைக்குளிரையும், ஆறு மாத வறட்சியையும் கனமழையையும் இது தாங்குகிறது என்றால், இந்தக் கலப்பில் கிடைத்த பல்வகைத் திறனும் அதற்கொரு காரணம். கடும் உறைபனி மட்டும் இதற்கு ஆகாது.

பரவும் வழி எளிது. நன்றாக வளர்ந்த ஒரு புதர் ஆண்டுக்கு 12,000 பழங்கள் வரை தரும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, அடுத்த மரத்தில் அமர்ந்து எச்சமிடும். கரடியும் தின்னும். அதனால்தான் தனித்து நிற்கும் மரத்தடி, ஓடையோரம், சாலையோரம் ஆகிய இடங்களில் முதல் கன்று முளைக்கிறது. வெளிச்சம் கிடைத்தால் போதும், விறுவிறுவென்று புதராகிவிடும். அடர்ந்த நிழலில் மட்டும் தயங்கி நிற்கும். மரம் வெட்டிய இடம், அதிகம் மேய்ந்து வெளுத்த இடம், கூப்புப் பாதை, மின்கம்பி செல்லும் வழி என்று நாம் திறந்துவைத்த ஒவ்வொரு வாசலும் அதற்கு வழி.

காட்டுக்கு இதனால் என்ன கேடு? மிகத் தெளிவான சான்று பிலிகிரிரங்கன் மலையிலிருந்து கிடைக்கிறது. பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் அந்த மலை முழுக்க அமைக்கப்பட்ட ஆய்வுத் துண்டுகளை 1997-லும் 2008-லும் இருந்த நிலையில் ஒப்பிட்டார்கள். முதலில் ஐந்தில் இரண்டு துண்டுகளில் இருந்த உண்ணிச்செடி, பதினொரு ஆண்டில் ஐந்தில் நான்கு துண்டுகளுக்குப் பரவியிருந்தது. அது அடர்ந்த இடங்களில் உள்நாட்டு மரக்கன்றுகளும் புதர்களும் குறைந்திருந்தன. பெரிய மரங்கள் நிற்கும். அவற்றின் பிள்ளைகள் இல்லை. மேலே பார்த்தால் காடு, கீழே பார்த்தால் ஒரே செடி. வெக்காலியும் கருமருதும் இன்று ஓங்கி நிற்பதைப் பார்த்து நாம் நிம்மதியடையக் கூடாது. அவை விழும்போது அந்த இடத்துக்கு வர அடுத்த தலைமுறை கீழே காத்திருக்க வேண்டும்.

அதைவிட வேகமாக அடிபடுவது புல். முதுமலையில் நடந்த ஆய்வுகள் உண்ணி அடர்ந்த இடத்தில் யானைக்கு வேண்டிய புல் குறைவதைக் காட்டின. யானை, காட்டெருது, புள்ளிமான் மூன்றும் புல்லை நம்பியவை. இலங்கையின் உடவளவை தேசியப் பூங்காவிலும் யானை மேயும் புல்வெளியை இதே செடி விழுங்கியது. பூங்காவுக்குள் புல் இல்லாத யானை வெளியே வயலைத் தேடும் என்பதை மலையடிவார உழவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரோரப் புதர் தரும் ஆபத்தும் உண்டு. ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு உண்ணி அடைத்திருந்தால் பத்தடி தள்ளி நிற்கும் யானையோ கரடியோ தெரியாது. விறகுக்கும் பள்ளிக்கும் அந்தப் பாதையில்தான் போக வேண்டியிருக்கிறது. கால்நடைக்கு இலை நஞ்சு: லண்டடீன் எனும் வேதிப்பொருள் கல்லீரலைத் தாக்கி மஞ்சள்காமாலை உண்டாக்கும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். பழகிய மாடு தொடாது. புல் கிடைக்காத கோடையிலும், வெளியூரிலிருந்து ஓட்டிவந்த மாட்டுக்கும்தான் ஆபத்து அதிகம். பச்சைக் காயும் நஞ்சு என்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புலியும் கரடியும் இந்தப் புதரில் ஒதுங்குகின்றன. பழம் தின்னும் பறவைகளும் தேன் குடிக்கும் பூச்சிகளும் இதை நம்பிப் பழகிவிட்டன. சீரழிந்த இடத்தில் மண்ணைப் பிடித்துவைப்பதும் சில நேரம் இதுதான். காடு கெட்டதால் உண்ணி வந்ததா, உண்ணி வந்ததால் காடு கெட்டதா என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் ஓயவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன என்றே எனக்குப் படுகிறது. அதனால் ஒரே வீச்சில் பல நூறு ஏக்கரை மொட்டையடிப்பது தவறு. துண்டு துண்டாக, ஒன்று தேறியபின் அடுத்தது என்று போனால்தான் அங்கே ஒதுங்கியிருக்கும் உயிர்களுக்கு இடம் மிஞ்சும்.

தீயைப் பற்றிய விவாதம் இதைவிடச் சூடானது, நான் படித்ததில் மிகவும் சிந்திக்க வைத்ததும் அதுதான். உண்ணிப்புதர் காய்ந்தால் நன்றாக எரியும். தரையில் ஊர்ந்து போக வேண்டிய தீயை மரத்தின் கிளைவரை ஏற்றிவிடும். எரிந்தபின் மரக்கன்று செத்துப்போகும், உண்ணி அடித்தூரிலிருந்து துளிர்க்கும். வெளிச்சம் கிடைத்து இன்னும் அடர்த்தியாக வரும், அடுத்த தீ இன்னும் பெரிதாக இருக்கும். 2005-இல் ஹிரேமத்தும் சுந்தரமும் இதை ஒரு சுழற்சியாக விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். தீயைத் தடுத்தால் செடி கட்டுப்படும் என்ற முடிவுக்கு இதிலிருந்து யாரும் வந்துவிடலாம். ஆனால் பிலிகிரிரங்கன் மலையில் தலைமுறைகளாக வாழும் சோலிகர்கள் சொன்னது நேர்மாறு. முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்திலேயே, சருகு லேசாகக் காய்ந்ததும், சிறுதீ வைப்போம். அதைத் தரகு பெங்கி என்போம். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத அந்தத் தீ உண்ணியின் கன்றுகளைக் கருக்கிவிடும். நெல்லிமரத்தில் ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடிகளையும் கட்டுப்படுத்தும். 1974-இல் காடு சரணாலயமானது, தீ வைப்பது குற்றமானது, அதன்பின்தான் உண்ணி இப்படி ஏறியது என்றார்கள்.

இரண்டு கூற்றும் மோதுவது போலத் தோன்றுகிறது. காலத்தையும் செடியின் வயதையும் சேர்த்துப் பார்த்தால் மோதல் இல்லை. கன்றுப் பருவத்தில், புல்லோடும் சருகோடும் வரும் குளிர்ந்த தீ உண்ணியைக் கொல்லும். புதராகித் தூர் பருத்தபின், ஏப்ரல் வெயிலில் வரும் பெருந்தீ அதற்கு உரமாகிறது. முன்பு சரியாக இருந்த கருவி, பல பத்தாண்டுத் தாமதத்துக்குப் பிறகு அப்படியே உதவாது. இன்று அடர்ந்த புதருக்குள் தரகு பெங்கியைத் திரும்பக் கொண்டுவந்தால் காடே போய்விடும். ஆனால் புதரை அகற்றி, புல் திரும்பிய துண்டுகளில், சோலிகர்களின் கணிப்போடு சிறுதீயைச் சோதித்துப் பார்க்கத் தடை இருக்கக் கூடாது என்பது என் கருத்து. காட்டின் வரலாற்றைக் காலால் நடந்து அறிந்தவர்களின் சாட்சியை ஆய்வுக்கட்டுரையின் ஓர் அட்டவணைக்கு இணையாகவாவது மதிக்க வேண்டும்.

பூச்சியை விட்டுக் களையைத் தின்னவைக்கும் யோசனை எல்லோருக்கும் உடனே பிடித்துவிடுவது. தென்னிந்தியாவுக்கு அதில் பெருமைப்படத்தக்க பழைய அனுபவமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி சிவப்புச் சாயத்துக்காக கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவர விரும்பி, தவறான இனத்தைப் பிரேசிலிலிருந்து இறக்கிவிட்டது. சாயம் தேறவில்லை, ஆனால் அந்தப் பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு தின்று தீர்த்தது. அதைப் பார்த்து 1830-களில் தெற்கே வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். 1926-இல் இலங்கையிலிருந்து வந்த இன்னோர் இனம், வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்திருந்த மற்றொரு சப்பாத்திக்கள்ளியைச் சில ஆண்டுகளில் ஒடுக்கியது. களைக்கு எதிராகப் பூச்சி வென்ற உலகின் முதல் சான்றுகளில் இவை சேரும்.

உண்ணிச்செடியில் அந்த வெற்றி கிடைக்கவில்லை. ஹவாய் தீவுக்காக 1902-இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே மெக்சிகோவுக்குப் போய்ப் பூச்சிகளைத் தேடி அனுப்பியதிலிருந்து இன்றுவரை 40-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பல நாடுகளில் விடப்பட்டிருக்கின்றன. இந்தியாவுக்கு 1921-இல் விதை தின்னும் ஒரு சிற்றீ ஹவாயிலிருந்து வந்தது. நிலைத்தது, ஆனால் விளைச்சலைக் குறைக்கும் அளவுக்குத் தின்னவில்லை. 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டெலியோனீமியா என்ற இலைப்பூச்சி வந்தது. சோதனையில் அது தேக்குப் பூவையும் தொட்டதால் வெளியே விட வேண்டாம் என்று முடிவானது. அதற்குள் தப்பி வெளியேறி, இன்று நாடெங்கும் இருக்கிறது. தேக்குக்குப் பெரிய தீங்கு வரவில்லை, உண்ணிக்கும் வரவில்லை. இலைச்சாற்றை உறிஞ்சி வெளிறவைக்கும், கோடையில் செடி இலையை உதிர்த்ததும் பூச்சி பட்டினியில் குறையும், மழை வந்ததும் செடி முந்திக்கொள்ளும். அதே பூச்சி உகாண்டாவில் எள்ளைத் தாக்கியதும் பதிவாகியிருக்கிறது. சப்பாத்திக்கள்ளியில் வென்று இங்கே தோற்றதற்குக் காரணம் மேலே சொன்ன தோட்டக் கலப்பில் இருக்கிறது. ஒரு வகையைத் தின்னும் பூச்சி இன்னொரு வகையைத் தொடுவதில்லை. பூங்காக்காரர்கள் உருவாக்கிய பன்மை பூச்சிக்குப் புதிராகிவிட்டது. ஆய்வு தொடரட்டும், ஆனால் அதை நம்பிக் கைகட்டிக் காத்திருக்க முடியாது.

களைக்கொல்லியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெட்டிய தூரில் உடனே தடவும் முறை ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயன்படுகிறது, பலனும் தருகிறது. ஓடைகள் நிறைந்த, தேன் எடுக்கவும் கீரை பறிக்கவும் மக்கள் நடமாடும் நம் காடுகளுக்கு அது ஏற்றதல்ல. ஜேசிபியை இறக்குவதும் வேண்டாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மண்ணைக் கிளறி, பல ஆண்டுகள் புதைந்து கிடந்த விதையை மேலே கொண்டுவந்து, அடுத்த மழையில் கம்பளம் விரித்ததுபோல் கன்று முளைக்க வைத்துவிடும்.

மிஞ்சுவது கைவேலை. அதிலும் எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரைக்கு மேல் அரிவாளால் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கைந்து துளிர்க்கும். ஆழமாகத் தோண்டி வேரைப் பிடுங்கினால் மண் கிளறும், கூலி ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டி 2009-இல் எழுதியது. செடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். அதற்குக் கீழே உள்ள ஆணிவேருக்குத் துளிர்க்கும் திறன் இல்லை. ஆகவே தரைமட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே, கழுத்தோடு சேர்த்து ஆணிவேரை வெட்டினால் போதும்.

வேலை இப்படி நடக்கும். ஒருவர் நீண்ட கம்பால் புதரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார். மற்றவர் தூரைச் சுற்றியுள்ள சருகை ஒதுக்கிவிட்டு, கடப்பாரை போன்ற கருவியைச் சாய்வாக இறக்கி ஒன்றிரண்டு குத்தில் வேரைத் துண்டிப்பார். சுற்றுமண் அசையாது. புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துவைப்பார்கள். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும், வெயிலில் காய்ந்தால் செத்தது செத்ததுதான். கழுத்து வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தூரையும் புரட்டிப் பார்க்க வேண்டும். வேர்த்துண்டின் மேல் தடித்த முடிச்சு ஒன்று தெரிந்தால் சரியாக வெட்டுப்பட்டிருக்கிறது. தெரியாவிட்டால் அது மண்ணுக்குள் தங்கிவிட்டது, திரும்பக் குத்த வேண்டும். மழைக்கு முன், காய் பழுக்காத நாட்களில் செய்வது நல்லது.

இதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கணக்கெழுதுவதில்தான் நம் தோல்வி தொடங்குகிறது. முதல் மழை பெய்ததும் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். பறவை புதிதாகக் கொண்டுவருவதும் சேரும். அந்த ஆண்டு கன்றை ஈரமண்ணில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். அடுத்த ஆண்டு மண்வெட்டி வேண்டும், அதற்கடுத்த ஆண்டு பழைய புதர். கன்று எங்கே வரும் என்பதும் தெரிந்ததே: பறவை அமரும் மரங்களின் அடியிலும், மழைநீர் வடியும் தடங்களிலும். ஆண்டுக்கு இரண்டு நடை அந்த இடங்களைச் சுற்றிவந்து பிடுங்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கூடவே வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். ஊசிப்புல் போன்ற உள்நாட்டுப் புல்லின் விதையை அருகில் உள்ள நல்ல துண்டிலிருந்து சேகரித்துத் தூவலாம். புல் தானே திரும்பும் இடத்தில் சில காலம் மேய்ச்சலை விலக்கிவைத்தாலே போதும். புல்லும் நிழலும் வந்த இடத்தில் உண்ணிக்கன்று திணறும். இதைச் செய்யாத இடங்களில் உண்ணி போய் குரோமோலீனாவோ பார்த்தீனியமோ வந்திருக்கிறது. ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளின் இரு நூற்றாண்டு அனுபவத்தை அலசி 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் செடியை முற்றாக ஒழிக்கும் முயற்சி எங்குமே வெல்லவில்லை என்று முடித்தது. நான் அதை மனம் தளரச் சொன்ன செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடு முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் தேர்ந்தெடுத்த ஓடைக்கரையிலும் புல்வெளியிலும் யானைத் தடத்திலும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியும்.

செடியைப் பயன்படுத்தித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு அழகான சான்றுகள் இருக்கின்றன. மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் உண்ணித்தண்டில் நாற்காலியும் கூடையும் முடைகிறார்கள். மூங்கிலும் பிரம்பும் அரிதான பின் கிடைத்த மாற்று இது. நேரான தண்டுகளைப் பொறுக்கி, பெரிய அண்டாவில் வேகவைப்பார்கள். சூட்டோடு பட்டையை உரிக்கும்போது முள்ளும் சேர்ந்து போய்விடும். உள்ளே வழவழப்பான, கரையான் எளிதில் தொடாத கம்பு. கூடலூரில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் கைவினைஞர்கள் இதே கம்புகளை இரும்புச் சட்டத்தில் பிணைத்து நிஜ அளவு யானைகளைச் செய்தார்கள். ஒவ்வொன்றும் அந்தப் பகுதியில் அவர்கள் பெயர் சொல்லி அறிந்த ஒரு யானையின் சாயல். 2021-இல் லண்டன் பூங்காக்களிலும், 2024 முதல் அமெரிக்க நகரங்களிலும் அவை நின்றன. கைக்கு வேலையும் கூலியும் மரியாதையும் தரும் இந்த முயற்சிகளை மனமாரப் போற்றுகிறேன். ஆனாலும் காட்டை மீட்கும் வழியாக இதை முன்னிறுத்துவது சரியாக வராது. மரச்சாமானுக்கு வேண்டியது ஒரு பருமன் உள்ள நேர்த்தண்டு மட்டும். அதைத் தரைக்கு மேலே வெட்டி எடுத்தால் தூர் துளிர்க்கும். விறகுக்கட்டியும் கரியும் செய்யலாம், ஆனால் ஆலை ஒன்று அமைந்துவிட்டால் அதற்கு ஆண்டுதோறும் செடி வேண்டும். ஆகவே வேரோடு வெட்டிய புதரிலிருந்து தண்டை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒழுங்கு செய்வதே முறை.

இவ்வளவும் காட்டுக்குள் நடக்கும்போது ஊருக்குள் என்ன நடக்கிறது? குட்டை ரகம், மஞ்சள் ரகம் என்று லண்டானா இன்றும் நர்சரிகளில் தொட்டியில் விற்கிறது. நெடுஞ்சாலை நடுத்திட்டிலும் அடுக்ககத் தோட்டத்திலும் வரிசையாக நடுகிறார்கள். பட்டாம்பூச்சித் தோட்டத்துக்கு என்று பரிந்துரைப்பவர்களும் உண்டு. இது காய்க்காத ரகம் என்று சொல்லி விற்பார்கள். காய்க்காத ரகத்திலும் மகரந்தம் உயிரோடு இருக்கலாம்; அது அருகிலுள்ள காட்டுவகையோடு கலந்து அதன் வீரியத்தைக் கூட்டலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் இதை விற்கவே கூடாது. நம்மிடம் அப்படி ஒரு தடை வேண்டும். குறைந்தது நீலகிரி, ஈரோடு, கோவை, திண்டுக்கல், தேனி போன்ற மலைமாவட்டங்களிலாவது உடனே வேண்டும். வீட்டில் வைத்திருப்பவர் காய் கறுக்கும் முன் கொத்துகளை நறுக்கிவிட்டு, ஒரு வாரக்கடைசியில் கழுத்துக்குக் கீழே வெட்டிக் கவிழ்த்துக் காயவைத்துவிடலாம். அந்த இடத்துக்கு வெட்சி, கனகாம்பரம் இருக்கின்றன. வேலிக்கு நொச்சி, ஆடாதோடை. பட்டாம்பூச்சிக்குக் கிலுகிலுப்பையும் ஓர் எருக்கும் வைத்தால் தேன் மட்டுமல்ல, புழு தின்னும் இலையும் கிடைக்கும்.

அரசு அசையவில்லை என்று சொல்ல முடியாது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக்கொள்கையைத் தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் காடுகளில் அயல்செடிகளை அகற்றும் பணியைத் தொடர்ந்து கேட்டுவருகிறது. கொள்கையின் பெயரிலேயே மீட்பு என்ற சொல் இருப்பது நல்ல தொடக்கம். இனிப் பணம் ஒதுக்கும் முறை அதற்கேற்ப மாற வேண்டும். இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது என்ற எண்ணை வைத்துக் கூலி முடிக்கும் ஒப்பந்தத்தில், ஒப்பந்தக்காரர் முதல் ஆண்டே வெளியேறிவிடுவார். இரண்டாம் மழையில் முளைக்கும் கன்றுக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. ஒரு துண்டு நிலத்தை அங்கேயே வாழும் ஆதிவாசிக் குடும்பங்களின் குழுவுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒப்படைத்து, முதலாண்டு வெட்டுக்கூலி, அடுத்த நான்காண்டு கன்று பிடுங்கும் கூலி, புல்விதை சேர்க்கும் கூலி என்று ஆண்டுவாரியாகப் பிரித்து ஒதுக்கலாம். ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்தத் துண்டில் புல் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, இடுப்பளவு உயர்ந்த வெக்காலி, கருமருது, நெல்லிக் கன்றுகள் எத்தனை, உண்ணிக்கன்று எந்தெந்த மரத்தடியில் இன்னும் வருகிறது என்று அந்தக் குழுவும் வனக்காப்பாளரும் சேர்ந்து நடந்து எண்ணி எழுத வேண்டும். அடுத்த துண்டுக்கான பணத்தை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும்.